பௌர்ணமியன்று வைத்த வரலாற்று நாள்

ஜூலை 15, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மோட்டாரில் காயில் போய்விட்டது. சுக்கு காலி, வெல்லம் பாதி டப்பா.

சங்கவியின் ஸ்கூல் டைரியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டி வந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு "வரலாற்று நாள்". பிள்ளைக்கு ஒரு மேஜை. அவரவர் செய்த ப்ராஜெக்டை வைத்துக்கொண்டு, வருகிற குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர், பிடித்த ப்ராஜெக்டில் ஒட்டலாம். அதிகம் வாங்கிய பிள்ளைக்குக் கேடயம். நல்ல யோசனைதான். ஆனால் நாள்?

20, சனிக்கிழமை. மாலை 3 முதல் 5.30.

ஆடிப் பௌர்ணமி! அதுவும் சனி, ஞாயிறோடு சேர்ந்து வருகிறது! ஊரே மலையைச் சுற்றும் நாளில், சுற்றும் பாதையை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் விழா வைக்கிற அறிவாளி யார்? என் வாசலே கிரிவலப் பாதை. மாதம் முழுக்க ஈ ஓட்டுகிற என் சுக்கு காபிக் கடை அன்று ஒரு நாள்தான் மூச்சு விடும். எங்கள் அடி அண்ணாமலையிலிருந்து அந்த வகுப்பில் ஆறு பிள்ளைகள், ஆறு வீட்டு வாசலிலும் அன்று கடை.

அடியில் இன்னொரு வரி, கொஞ்சம் பொடி எழுத்தில்: "குடும்பத்தினர் வருகை தராத மாணவர்கள் விளக்கவுரை நிகழ்த்த இயலாது. அவர்களின் படைப்பு காட்சிக்கு மட்டும் வைக்கப்படும்."

மூன்று தடவை படித்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

பிரின்சிபால் மேடத்துக்குப் போன் போட்டேன். (இனி பி.மே. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுத மனசில்லை.) சென்னையிலிருந்து ஜூன் மாதம்தான் வந்தவர். நாலாவது தடவைதான் எடுத்தார்.

"மேடம், சனிக்கிழமை பௌர்ணமிங்க."

"இல்லையே, காலண்டர் பாத்துதாம்மா டேட் வெச்சோம். நிலா படம் ஞாயித்துக்கிழமைல போட்டிருக்கு."

"படம் ஞாயித்துக்கிழமைதாங்க. திதி சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கே பொறந்துடுது. ஜனம் மதியத்துலேர்ந்தே நடக்க ஆரம்பிச்சுடும். ரோட்ட மூடிடுவாங்க, பஸ் இருக்காது, ஆட்டோ இருக்காது..."

"ஆறு மணிக்குத்தானே ஆரம்பம்? நம்ம ப்ரோக்ராம் அஞ்சரைக்கே முடிஞ்சிடுமே."

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது! இந்த ஊரில் ஒரு பௌர்ணமி பார்த்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருக்கவே மாட்டார். சீஃப் கெஸ்ட் தேதி கொடுத்துவிட்டாராம், இனி மாற்ற முடியாதாம். வைத்துவிட்டார்.

கிளாஸ் டீச்சர் பிருந்தா மிஸ் நம்ம ஊர்க்காரர். தனியாகக் கூப்பிட்டு, "நான் சொன்னேங்க. கேக்கல" என்று குசுகுசுத்தார். குசுகுசுத்து என்ன பிரயோஜனம்?

பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். டவுனிலிருந்து ஒருத்தி பதில்: "ஒரு நாள் கடைய மூடினா என்ன சிஸ்? குழந்தைய விடவா?" பக்கத்தில் இதயப் படம் வேறு. சிஸ்ஸாம் சிஸ்! இவள் வீட்டுக்காரர் சம்பள நாளில் ஆபீசுக்கு லீவு போடுவாரா, கேட்டுச் சொல்லட்டும். எழுதி, அழித்துவிட்டேன்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், பௌர்ணமியன்று வெளியூர் பஸ் நிற்கிற இடத்திலிருந்து நகர முடியாது. "ஒரு பேச்சுதானே, வூட்ல வந்து நம்மகிட்ட சொல்லட்டும்" என்றார், சாம்பாரைப் பிசைந்துகொண்டே.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. மொஹரம் லீவு. லேசாகத் தூறி நின்றது.

சங்கவி நாள் முழுக்கத் தரையில் சார்ட் பேப்பரை விரித்துப் படுத்திருந்தாள். என்ன ப்ராஜெக்ட் என்று இத்தனை நாள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரம் ஒரு தடவை, "ராஜகோபுரம் செஞ்சுடலாம்டி, தேரடி வீதி கடைல ரெடியாவே விக்குது" என்று சொன்னதோடு சரி. நானே!

தலைப்பு: "எங்கள் வாசலில் விற்றவை".

இரண்டு பத்தி போட்டு, இடது பக்கம் எப்போது, வலது பக்கம் என்ன விற்றோம்.

மண் பாதையாக இருந்தபோது: எதுவும் விற்கவில்லை. பானையில் தண்ணீர் வைத்தார்கள். பானையை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
தார் போட்ட பிறகு: கற்பூரம், நிலக்கடலை.
விளக்குக் கம்பம் வந்த பிறகு: எலுமிச்சை ஜூஸ், மோர்.
அப்பாவுக்குக் கல்யாணம் ஆன பிறகு: தண்ணீர் பாக்கெட்.
பிளாஸ்டிக் தடை வந்த பிறகு: சுக்கு காபி, சுண்டல்.
நடைபாதைக்குக் கல் பதித்த பிறகு: போன் சார்ஜ், கால் வலித் தைலம்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்துக் கடை செல்வி அக்கா, லைன்மேன், அப்பா என்று விரல் மடக்கினாள். "நீ எப்பவும் பிசியா இருந்தியா, அதான் உன்ன கேக்கல."

கடைசிக் கட்டம் காலி. "இது என்னாத்துக்குடி?"

"இன்னும் நடக்கல."

நான் பி.ஏ. ஹிஸ்டரி. தபாலில் படித்தது, செகண்ட் கிளாஸ். சர்டிபிகேட் எந்த டிரங்குப் பெட்டியில் இருக்கிறதோ. கல்யாணத்துக்குப் பிறகு அதை எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. ஆனாலும் நல்ல வேலையைப் பார்த்தால் தெரியாதா என்ன? பெருமையாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

சார்ட் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது. பி.மே. கையெழுத்து. "தேதிகள் எங்கே? விற்பனை வரலாறு ஆகாது. கோவில் வரலாறு எழுதவும்."

விற்பனை வரலாறு ஆகாதாம்! அப்போது வெள்ளைக்காரன் எதற்குக் கப்பல் ஏறி வந்தான், சாமி கும்பிடவா? தேதி வேண்டுமாம். எங்கள் வீட்டில் யார் தேதி பார்த்து மோர் விற்றார்கள்? ரோட்டை வைத்துத்தான் எல்லாமே. தார் போட்டதற்கு முன்னாடி பிறந்தவன், பின்னாடி பிறந்தவள் என்றுதான் இந்தத் தெருவே வயசு சொல்லும்.

சிவப்பு மையில் சார்ட்டிலேயே எழுதியிருக்கிறார், பாருங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டத் தெரியாதா? பிள்ளை ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்து எழுதியது.

பிருந்தா மிஸ்ஸுக்குப் போன். "மாத்த மாட்டாங்க எங்க பொண்ணு." அவர் சிரித்துவிட்டு, "மாத்த வேணாம். நான் பாத்துக்கறேன், நீங்க யாராவது ஒருத்தர் மட்டும் வந்துடுங்க" என்றார். அங்கேதானே இடிக்கிறது.

சங்கவி சிவப்பு மை மேல் வெள்ளைப் பேப்பர் வெட்டி ஒட்டிவிட்டாள். "அழுதியா?" என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்கிறாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜூலை 19, வெள்ளி

வாங்க வேண்டியது: சுக்கு, எலுமிச்சை 2 பை, கொண்டைக்கடலை, பேப்பர் கப், தைலம், இன்னொரு காஸ்.

வெயில் கொளுத்துகிறது. கடலை ஊறப்போட்டு, பெஞ்ச் கழுவி, அடுப்பை வாசலுக்கு இழுத்து, இடுப்பு விட்டுப்போனது. அந்த நேரம் பார்த்து சங்கவி வந்து, "ம்மா, ஒரு வாட்டி சொல்லிக் காட்டட்டுமா?"

"நீயும் ஒன் வரலாறும்! போடி அந்தாண்ட!" என்று கத்திவிட்டேன்.

அரை மணி கழித்துப் பின்கட்டுக்குப் போனேன். அங்கே காஸ் சிலிண்டருக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். "வணக்கம். என் பேரு சங்கவி. இது எங்க வாசல்." கையை நீட்டிக் காட்டுகிறாள். நிறுத்தி, சிலிண்டரைப் பார்த்து, "ஏதாவது கேக்கணுமா?" என்கிறாள். அதுவும் அடக்கமாக நிற்கிறது.

சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன். நாளைக்கு அவள் பேச முடியாது என்று அவளுக்கும் தெரியும். சாப்பிடும்போது அவளே சொன்னாள்: "பரவால்லம்மா. சும்மா பக்கத்துல நின்னுக்கறேன்."

பரவாயில்லையாம். பத்து வயசுப் பிள்ளை வாயில் வருகிற வார்த்தையா அது? யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பி.மே. மேல் பாதி, இவர் மேல் கால், மீதி என் மேல்.

ஜூலை 20, 21 (சேர்த்து எழுதுகிறேன். சனிக்கிழமை பேனா பிடிக்க முடியவில்லை)

சனி காலை ஏழரைக்கு ஸ்கூல் வேன் வந்து பிள்ளையைக் கூட்டிப் போனது. ரோடு மூடினால் திரும்ப வேன் வராதாம், பெற்றோரே வந்து அழைத்துப் போகவும் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போகிறான். எதில் வருவதாம்? பறந்தா?

பன்னிரண்டு மணிக்கே கூட்டம். ஒன்றரைக்குப் பெஞ்சில் ஒரு பாண்டிச்சேரிக்காரி புருஷன், பிள்ளைகளோடு உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டாள். பேச்சுவாக்கில், "ஒங்க பசங்க எங்க?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"பௌர்ணமிக்கா? திருவண்ணாமலைலயா?" என்று சிரித்தாள்.

பாண்டிச்சேரியிலிருந்து வந்தவளுக்குத் தெரிகிறது! அவ்வளவுதான். என்னமோ ஏறிவிட்டது. அடுப்பை அணைத்தேன். அண்டாவை மூடினேன். தைலத்தை உள்ளே எடுத்துப் போட்டுப் பூட்டினேன். செல்வி அக்கா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏ வசந்தி, பைத்தியமாடி ஒனக்கு? பௌர்ணமிக்கு யாராச்சும் கடைய மூடுவாங்களா?"

"எலுமிச்ச வேணும்னா எடுத்துக்கக்கா."

இவருக்குப் போன்: "ஏங்க, கடைய மூடிட்டு ஸ்கூலுக்குப் போறேன்."

"மூள கீள கழண்டுடுச்சா?"

"ஆமா" என்று வைத்துவிட்டேன்.

மணி இரண்டு. ஸ்கூல் இருப்பது செங்கம் ரோடு பக்கம். எங்கள் வாசலிலிருந்து சீக்கிரம் போகிற வழி எதிர் வழி. அதாவது மலையைச் சுற்றி வருகிற அத்தனை ஜனத்துக்கும் எதிரே. வருணலிங்கம் தாண்டுவதற்குள் பத்துப் பேர் திருத்திவிட்டார்கள். "ஏம்மா, சுத்தறது அந்தப் பக்கம்!" "எதிர்ல வர்றியே, பாவம்மா!" ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டார். நிருதிலிங்கத்திடம் ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டி மறித்தார்.

"இப்டிப் போகக் கூடாதும்மா."

"சார், நான் கிரிவலம் போகல. பொண்ணு ஸ்கூலுக்குப் போறேன்."

"இன்னிக்கு என்னம்மா ஸ்கூலு?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்!"

விட்டுவிட்டார். வெயில், வேர்வை, ஒரு செருப்பு வார் வேறு பிய்ந்துவிட்டது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்கூல் கேட்.

ஹாலுக்குள் போனால் பலூன், பேனர், இருபத்தேழு மேஜை. மேஜைக்குப் பின்னால் இருபத்தேழு பிள்ளைகள் சீருடையில், தலைக்கு எண்ணெய் வைத்து. முன்னால் யாரும் இல்லை.

ஒரு ஆள் இல்லை!

டவுன்காரர்கள் எல்லாம் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். கார் வராது, பைக் வராது. நடந்து வரலாமே, அது மட்டும் தோன்றவில்லை. இதயப் படம் போட்டவளையும் காணோம். சீஃப் கெஸ்ட் அவலூர்பேட்டை ரோட்டில் நிற்கிறாராம். மூன்று மணிக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டே குடும்பம் வந்து, தங்கள் பிள்ளை சொன்னதை மட்டும் கேட்டு, தங்கள் பிள்ளைக்கே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பிள்ளையைக் கேடயத்துக்காக நிறுத்திவிட்டுக் கிளம்பிவிட்டதாம். மற்ற இருபத்தைந்து பிள்ளைகளும் ஒரு மணி நேரமாக நிற்கின்றன. ஒருத்தன் அழுது முடித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

பி.மே. போனும் கையுமாக வந்தார். "நீங்க...?"

"அடி அண்ணாமலைங்க. சங்கவி அம்மா."

போனைத் தாழ்த்தி, என் பிய்ந்த செருப்பைப் பார்த்தார்.

சங்கவி எங்கோ பின் வரிசையில். என்னைப் பார்த்துவிட்டாள். கையைக்கூட ஆட்டவில்லை, சார்ட்டை நேராக்கினாள். நேரே அவளிடம் போகத்தான் காலை எடுத்து வைத்தேன். முதல் மேஜைப் பையன் என் முந்தானையைப் பிடித்துவிட்டான். "ஆன்ட்டி, என்னுத கேக்கறீங்களா?"

கேட்டேன். அடுத்த மேஜை. அதற்கடுத்தது. எப்படித் தாண்டிப் போவது? ஒவ்வொன்றும் கண்ணை அகட்டிப் பார்க்கிறது. ராஜகோபுரம் மட்டும் ஒன்பது, எல்லாம் அதே தேரடி வீதிக் கடை, அதே தெர்மகோல், அதே பல்பு. ஒன்பது தடவை அதே நாலு வரி. ஐந்தாவது கோபுரத்திடம் பொறுக்க முடியாமல், "இவ்ளோ கல்ல யார்ப்பா தூக்குனாங்க?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, மனப்பாடம் பண்ணதுல அது இல்ல" என்றான். அப்புறம் அவனே யோசித்து, "எங்க மாமா கொத்தனாரு. அவர்கிட்ட கேட்டுச் சொல்லவா?" நல்ல பையன்.

ஒரு குட்டிப் பெண் செஞ்சிக்கோட்டையைக் களிமண்ணில் செய்து, மொட்டை மாடியில் காயவைத்து, குரங்கு வந்து பாதியைத் தட்டிவிட்டதாம். "இது போர்ல இடிஞ்சது ஆன்ட்டி" என்று கூசாமல் சொல்கிறாள்.

பிருந்தா மிஸ் ஸ்டிக்கர் தாளை அப்படியே என் கையில் திணித்தார். பி.மே. பார்த்துவிட்டு, "ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸ்டார்தான்மா" என்றார்.

இத்தனை நாள் அடக்கி வைத்தது வெடித்துவிட்டது. "வராத குடும்பத்துக்கெல்லாம் சேத்துதாங்க மேடம் நான் வந்திருக்கேன். வரச் சொல்லி நாள் வெச்சது நீங்க, வர முடியாத நாளா பாத்து வெச்சதும் நீங்க. இந்தப் பசங்க என்னா பண்ணுச்சு? வேணும்னா இந்தத் தாளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வாங்கிக்கறேன், ஒட்ட வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க." அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஒட்டினேன். ஒருத்தர் விடாமல்.

கடைசியில் சங்கவி. அவள் என்னை யாரோ மாதிரி பார்த்து, "வணக்கம். என் பேரு சங்கவி. இது எங்க வாசல்" என்று ஆரம்பித்தாள். மண் பாதை, தார், விளக்குக் கம்பம், எல்லாம் சிலிண்டரிடம் சொன்ன அதே மாதிரி. பக்கத்து மேஜைப் பிள்ளைகளும் வந்து நின்றுகொண்டார்கள். கடைசியில் சிலிண்டரிடம் சொல்லாத ஒன்று:

"இந்த வழியா எவ்ளோ பேர் போறாங்கன்னு எங்க அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனா எங்க அம்மா ஒரு வாட்டிகூட மலைய சுத்துனது இல்ல. ஏன்னா பௌர்ணமி அன்னிக்கு கடை. ஏதாவது கேக்கணுமா?"

கல்யாணமாகி வந்து பதினோரு வருஷம். வாசலில் ஓடுகிற பாதை. எனக்கே அது இப்போதுதான் தெரிகிறது. ஸ்டிக்கரை எடுத்தேன். "வேணாம்" என்று கையை வைத்து மறைத்தாள். "நீ எங்க அம்மா. செல்லாது." மற்ற இரண்டு வீட்டாருக்கு இல்லாத ரோஷம் இவளுக்கு! அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இப்போது ஆளுக்கு இரண்டு நட்சத்திரம், கேடயம் அவர்களுக்குத்தான். எரிச்சல்.

திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாக, சரியான திசையில், சார்ட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தோம். யாரும் திருத்தவில்லை. ஏழு மணிக்கு வீடு, உடனே அடுப்பு. ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்த இவர் அண்டாவைத் தூக்கி வைத்தார்.

ஞாயிறு மதியம் குரூப்பில் பி.மே. போட்ட செய்தி: "வரலாற்று நாள் மாபெரும் வெற்றி! பௌர்ணமியையும் பொருட்படுத்தாது பெற்றோர் திரளாக வருகை." கூட எட்டு போட்டோ. எட்டிலும் ஒரே முதுகு. பச்சைச் சேலை, அவிழ்ந்த கொண்டை, வேர்வையில் ஒட்டிய ஜாக்கெட். திரளாக நிற்பது நான்!

எழுதினேன். இந்தத் தடவை அழிக்கவில்லை. "எட்டு போட்டோலயும் நிக்கறது நான் ஒருத்திதான். வந்தது மொத்தம் மூணு குடும்பம். இனிமே நாள் வெக்கறதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்தை கேளுங்க."

இரண்டு நிமிஷத்தில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று குரூப்பை மாற்றிவிட்டார்கள். பிருந்தா மிஸ் தனியாக ஒரு கும்பிடு அனுப்பினார். கும்பிடாம்.

ஜூலை 22, திங்கள்

மழை வருகிற மாதிரி. மோட்டாருக்கு ஆள் வரவில்லை. பேப்பர் கப் மிச்சம், எலுமிச்சை ஒன்றுகூட இல்லை (செல்வி அக்கா!).

பெஞ்சை உள்ளே இழுக்கும்போது சார்ட் உருண்டு விழுந்தது. பிரித்தேன். கடைசிக் கட்டம் காலியாக இல்லை. பென்சிலில் எழுதி, மேலே பேனாவால் எழுதியிருக்கிறாள். மேலே எந்தக் கட்டத்திலும் இல்லாத தேதி இதில் இருக்கிறது.

"20 ஜூலை, பிற்பகல் 2 மணி முதல் 7 மணி வரை: எதுவும் விற்கவில்லை. அம்மா எதிர்ப்பக்கமாக நடந்து வந்தார்."